ஏஐ-ய எதிர்க்குற கட்சி ஒண்ண கதைக்காக உருவாக்கப் போய் நான் தொலைச்ச ரெண்டே கால் வருஷம்

இத எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா யோசிச்சுட்டு இருந்தேன். எதிர்காலத்துல நடக்குற அரசியல் கதை எழுதணும்னு ஆசைப்படுறவங்க இப்ப நிறைய பேர் இருக்காங்க, நான் பட்ட பாட்ட அவங்கள்ல ஒருத்தராவது படாம இருக்கட்டும்னுதான் இப்ப உக்காந்து எழுதறேன். விஷயம் இதுதான். இன்னும் ரெண்டு தலைமுறை கழிச்சு, பேர் சொல்லாத ஒரு நாட்டுல, ஏஐ மேல நம்பிக்கையே இல்லாத ஒரு கன்சர்வேடிவ் கட்சி ஆட்சிக்கு வருது, இதான் என் நாவலோட கரு. கேக்குறப்ப சுலபமாத்தான் இருக்கும். எனக்கு அது ரெண்டே கால் வருஷத்த தின்னுச்சு, அதுல அஞ்சு மாசம் சம்பளம் இல்லாத லீவு, அப்புறம் எடிட்டருக்குக் குடுத்தது மூணு மாச சம்பளம். எழுதின ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வார்த்தையில எழுபதாயிரம் குப்பைக்குப் போச்சு. நாவல் இன்னும் முடியாததால கட்சிக்கு வச்ச பேர மட்டும் இங்க சொல்லல.

முதல் டிராஃப்ட்ல நான் பண்ணின தப்பு என்னன்னா, அந்தக் கட்சிய வில்லனா வச்சதுதான். தலைவர் மேடையில கத்துவார், தொண்டருங்க சர்வர் ரூமுக்குத் தீ வைப்பாங்க, விஞ்ஞானிங்களத் துரத்துவாங்க, எதுக்கெடுத்தாலும் அந்தக் காலம் அந்தக் காலம்னு புலம்புவாங்க. எதிர்ப்பக்கம் ஒரு இளம் ஆராய்ச்சியாளர், அவங்க எப்பவும் சரி. பதினாலு மாசம் இப்படியே ஓடுச்சு. எழுத எழுத கை தடையே இல்லாம போச்சு, அதையே நல்ல சகுனம்னு எடுத்துக்கிட்டேன், அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். ஒரு பாத்திரம் பேசுறப்ப எங்கயுமே நமக்குப் பதில் தெரியாம நிக்கிற எடம் வரலன்னா, அந்தப் பாத்திரத்த நாம பேசவே விடலன்னு அர்த்தம். முடிச்ச கையோட எடிட்டர்கிட்ட குடுத்தேன். அவங்க மேல குறை சொல்ல ஒண்ணுமில்ல, நான் கேட்டது வரிக்கு வரி திருத்தம், அத ஒழுங்கா செஞ்சு குடுத்தாங்க. ஒற்றுப்பிழை எல்லாம் சரியாச்சு, கதை மட்டும் அப்படியே செத்துக் கெடந்துச்சு. உங்க கதையில ஒரு கட்சி வருதுன்னா, வரி திருத்தத்துக்குக் காசு குடுக்குறதுக்கு முன்னாடி, நிஜத்துல அந்தக் கட்சிக்கு ஓட்டு போடக்கூடிய மனநிலை உள்ள ஒருத்தர்கிட்ட படிக்கக் குடுங்க. அதுக்கு ஒரு பைசா செலவில்ல.

எனக்கு அப்படிப் படிச்சவர் எங்க பெரியப்பா. முப்பத்திநாலு வருஷம் ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்டா சேந்து சூப்பிரண்டா ரிட்டயர் ஆனவர், புதுசா எது வந்தாலும் ரெண்டு வருஷம் தள்ளி நின்னு பாத்துட்டுத்தான் தொடுவார். இருநூத்துப் பன்னெண்டு பக்கத்தையும் பத்து நாள்ல படிச்சு முடிச்சார். திருப்பிக் குடுத்தப்ப பாத்தா ஓரத்துல எங்கயும் கமெண்ட் எழுதல, பென்சில்ல ஒரே ஒரு வார்த்தைய மட்டும் வட்டம் போட்டிருந்தார், "முட்டாள்". ஒரு பக்கத்துல மட்டும் நாலு வட்டம். பேப்பர் கட்ட மேசை மேல வச்சுட்டு, "இவங்களுக்கு எவன்ப்பா ஓட்டு போடுவான்? நீ இவங்க ஜெயிச்சுட்டாங்கன்னு எழுதியிருக்க"ன்னார். என்னால பதில் சொல்ல முடியல. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "நானும் அந்தக் கட்சி ஆளுதான்னு வச்சுக்கயேன். ஏன் பயப்படுறீங்கன்னு என்னை நீ ஒரு வார்த்தை கேக்கலயே"ன்னார். உண்மையச் சொல்றேன், கோபம்தான் வந்துச்சு, ரெண்டு நாள் அவரோட சரியா பேசல. மூணாம் நாள் நானே போய்க் கேட்டேன்.

அவர் சொன்னது எந்தப் புத்தகத்துலயும் எனக்குக் கெடச்சிருக்காது. கம்ப்யூட்டர் வந்தப்ப ஆபீஸ்ல சந்தோஷப்பட்டவங்கள்ல தானும் ஒருத்தர்னார், கார்பன் பேப்பர் தொல்லை போச்சேன்னு. முன்னாடியெல்லாம் ஒரு ஃபைல் நின்னு போனா, பாதிக்கப்பட்ட ஆள் நேரா வந்து மேசை முன்னாடி நின்னு சத்தம் போடுவாங்களாம், அழுவாங்களாம், கேக்குற இவருக்கு ராத்திரி தூக்கம் வராது, மறுநாள் ஏதாவது வழி பண்ணிருவார். கொஞ்ச வருஷத்துல எல்லாரும் ஒரே பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, "சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குது". யாரும் பொய் சொல்லல, நிஜமாவே சிஸ்டம் எடுத்துக்கல. "தப்பு நடந்தா யார் சட்டையப் பிடிக்கிறதுன்னு தெரியணும்ப்பா. அது தெரியாத எடத்துல எனக்கு இருக்கப் பிடிக்கல"ன்னார். என் கட்சி பொறந்தது அந்த இடத்துலதான். அது வரைக்கும் அவங்க எத ஒழிக்கப் பாக்குறாங்கன்னு மட்டும்தான் எழுதிட்டு இருந்தேன். எத இழந்துருவோம்னு பயப்படுறாங்கன்னு ஒரு பக்கம் கூட எழுதல.

இங்க வார்த்தையப் பத்தி ஒண்ணு சொல்லணும். தமிழ்ல நாம கன்சர்வேடிவுக்குப் பழமைவாதின்னு எழுதறோம், அது பாதி திட்டு மாதிரிதான் கேக்குது, தன்னப் பழமைவாதின்னு சொல்லிக்கிட்டு யாரும் ஓட்டு கேக்க மாட்டாங்க. நான் முதல் டிராஃப்ட் முழுக்க கட்சிக்காரங்க வாயாலயே அந்த வார்த்தைய சொல்ல வச்சிருந்தேன். உங்க கட்சி ஆளுங்க தங்களத் தாங்களே என்னன்னு கூப்பிட்டுக்குறாங்க, எதிரிங்க அவங்கள என்னன்னு கூப்பிடுறாங்க, ரெண்டையும் தனித்தனியா முடிவு பண்ணிட்டு எழுத ஆரம்பிங்க. அது தெளிவானதும் வசனம் தானா மாறுறத நீங்களே பாப்பீங்க.

அதுக்கப்புறம் நாலு மாசம் எழுதறதையே நிறுத்திட்டு படிச்சேன். இந்த நாலு மாசத்த முதல்லயே செலவு பண்ணியிருந்தா பதினாலு மாசம் மிச்சம். லுட்டைட்டுங்களப் பத்தி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் மிஷின ஒடச்ச அறிவில்லாத கூட்டம்னுதான், நானும் அவங்கள அப்படித்தான் மாதிரியா எடுத்திருந்தேன். நெஜத்துல 1811ல இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் பக்கம் கிளம்பினவங்க வருஷக்கணக்கா தொழில் கத்துக்கிட்ட காலுறை பின்னுறவங்க, அந்தப் பின்னல் மிஷின்லதான் அவங்க பொழப்பே. ஒழுங்கான கூலி குடுத்த முதலாளியோட மிஷினத் தொடாம விட்டுட்டு, மட்டமான சரக்க வெட்டித் தச்சு விக்கிறவன், தொழில் கத்துக்காத ஆள கொறஞ்ச கூலிக்கு வச்சவன், இவங்களோடதத் தேடித் தேடி ஒடச்சாங்க. ரெண்டாம் சார்லஸ் ராஜா தங்களோட தொழில் சங்கத்துக்குக் குடுத்த பழைய சாசனத்தக் காட்டி இது எங்க உரிமைன்னாங்க. அதாவது, இருந்த சட்டத்தக் காப்பாத்துங்கன்னு கேட்டவங்க அவங்க. 1812ல பின்னல் மிஷின ஒடச்சா மரண தண்டனைன்னு பார்லிமென்ட் சட்டம் போட்டுச்சு, அடுத்த வருஷம் யார்க்ல பதினேழு பேரத் தூக்குல போட்டாங்க. இதப் படிச்ச அன்னைக்கு ராத்திரி என் முதல் அத்தியாயத்துல சர்வர் ரூமுக்குத் தீ வைக்கிற காட்சிய எடுத்துட்டேன். இப்ப அங்க ஒரு வயசான ஆள் பழைய ஒப்பந்தம் ஒண்ண பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டு வந்து கட்சி ஆபீஸ் மேசைல வைக்கிறார், அவ்வளவுதான்.

எட்மண்ட் பர்க்ங்கிற பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையாளர் 1790ல பிரெஞ்சுப் புரட்சியப் பத்தி எழுதறப்ப சொன்ன ஒரு விஷயம் கட்சியோட முதுகெலும்பாவே ஆயிருச்சு. சமூகம்ங்கிறது இப்ப உயிரோட இருக்கறவங்க மட்டும் போட்ட ஒப்பந்தம் இல்ல, செத்தவங்களும் இனிமே பொறக்கப் போறவங்களும் அதுல பங்காளிங்கன்னு அவர் சொல்வார். இத ஏஐ-க்குப் பொருத்திப் பாருங்க. செத்தவங்க எழுதி வச்சதையெல்லாம் எடுத்துப் பயிற்சி குடுத்து ஒரு மிஷினப் பேச வைக்கிறோம், அந்தப் பங்காளிகிட்ட யாரு அனுமதி வாங்குனா? இனிமே பொறக்கப் போறவங்களுக்கு என்ன மிச்சம் வைக்கிறோம்? என் கட்சித் தலைவி பேசுற முதல் கூட்டமே இந்தக் கேள்விதான். அந்தப் பேச்ச எழுதறப்ப முதல் தடவையா எனக்கே பதில் தெரியல, கை நின்னு போச்சு, அப்பதான் சரியான பாதைக்கு வந்திருக்கோம்னு புரிஞ்சுது.

கட்சிக்கு ஒரு காயம் வேணும். சும்மா கொள்கைக்காக லட்சம் பேர் தெருவுக்கு வர மாட்டாங்க. நான் முதல்ல ரோபோ ஒண்ணு மனுஷனக் கொல்ற மாதிரி வச்சிருந்தேன், அது சினிமாத்தனம். நிஜமா நடந்ததப் பாத்தா காயம் எல்லாமே லெட்டர் ரூபத்துலதான் வந்திருக்கு. நெதர்லாந்துல குழந்தை பராமரிப்பு உதவித்தொகை வாங்கின ஆயிரக்கணக்கான குடும்பங்கள மோசடிக்காரங்கன்னு முத்திரை குத்தி குடுத்த பணத்தயெல்லாம் திருப்பிக் கட்டச் சொன்னாங்க, யார் மேல சந்தேகப்படணும்னு சொன்ன கணக்கு முறையில விண்ணப்பிச்சவங்க எந்த நாட்டுக் குடிமக்கள்ங்கிறதும் ஒரு காரணியா இருந்துச்சு, 2021 ஜனவரியில அங்க அமைச்சரவையே ராஜினாமா பண்ணிச்சு. ஆஸ்திரேலியாவுல ரோபோடெட்னு பேர் வந்த திட்டம் அத விட எளிமையானது, ஒருத்தரோட வருஷ வருமானத்த ரெண்டு ரெண்டு வாரமா சமமா வகுத்து, நீ உதவித்தொகை அதிகமா வாங்கிட்டேன்னு கடன் நோட்டீஸ் அனுப்புச்சு. வருஷத்துல பாதி மாசம்தான் வேலை கெடச்சவனுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? அத விசாரிச்ச ராயல் கமிஷன் அறிக்கை 2023ல வந்துச்சு. அதுல புத்திசாலி மிஷின்னு எதுவுமே இல்ல, வெறும் வகுத்தல் கணக்கு, ஆனா அத நிறுத்தறதுக்கு ஒரு மனுஷன் நடுவுல இல்ல. என் கதையிலயும் இப்ப காயம் ஒரு லெட்டர்தான். கீழ கையெழுத்து இல்லாத லெட்டர். அத வாங்கின ஒரு அம்மா அந்தக் காலி எடத்துல விரல வச்சுத் தடவிப் பாத்துட்டு, "இதுல யாருமே இல்லயே"ன்னு சொல்றாங்க. கட்சியோட சின்னமே அந்தக் காலிக் கோடுதான்.

கட்சியோட கோரிக்கைய கற்பனையா புதுசா யோசிக்கணும்னு ரொம்ப அலட்டிக்காதீங்க, நிஜ உலகத்துல ஏற்கெனவே இருக்கு. பிரான்ஸ் 1978லயே ஒரு மனுஷனோட நடத்தைய எடை போடுற நீதிமன்றத் தீர்ப்ப தானியங்கிக் கணக்க வச்சுக் குடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கு. ஐரோப்பிய யூனியனோட ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்துச்சு, மனுஷங்களுக்கு மார்க் போட்டு தரம் பிரிக்கிறது, வேலை செய்யற எடத்துலயும் பள்ளிக்கூடத்துலயும் முகத்தப் பாத்து உணர்ச்சிய அளக்குறது, இதெல்லாம் 2025 பிப்ரவரியில இருந்து தடை, ஒரு சில விதிவிலக்கு உண்டு. இந்த மாதிரி சட்டம் அறுபது வருஷம் கழிச்சு என்ன ஆயிருக்கும், எந்த ஓட்டை பெருசாயிருக்கும்னு நீட்டிப் பாத்தாலே பாதி வேலை முடிஞ்சுது. கருவிய வச்சு எதிர்காலத்தக் காட்டாதீங்க, நான் அதுலயும் அடி வாங்கினேன். செத்துப்போன ஆளோட குரல்ல மிஷின் போன் பண்ணுதுன்னு பெரிய அதிர்ச்சியா எழுதி வச்சிருந்தேன், 2024 ஜனவரியில அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல அதிபரோட குரல் மாதிரியே போன் பண்ணி ஓட்டு போட வராதீங்கன்னு சொன்னது நிஜமாவே நடந்துச்சு, என் எதிர்காலம் எடிட்டிங் முடியறதுக்குள்ள பழசாயிருச்சு. கருவிங்க பழசாயிரும், ஆபீஸ், கோர்ட்டு, சட்டசபை, கட்சிக்குள்ள நடக்குற சண்டை இதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் பழசாகாது.

தேர்தல் அறிக்கை எழுதறதுக்கு ஒரு சாட்பாட்ட உபயோகிச்சேன், ஆறு வாரம் அதுல போச்சு. நாப்பது பக்கம் வந்துச்சு, ஒரு பிழை கிடையாது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் பின்னாலயே சமாதானமும் எழுதியிருந்துச்சு, படிச்சா யாருக்கும் கோபமே வராது. கோபம் வராத அறிக்கைய எந்தக் கட்சியும் அச்சடிக்காது. தூக்கிப் போட்டுட்டு, ஒரு தொண்டர் பத்து வீட்டுக் கதவத் தட்டுறப்ப ஒவ்வொரு வாசல்லயும் என்ன பேசுவார்னு மட்டும் எழுதினேன். மொழிபெயர்ப்பு வேலை போன ஆள்கிட்ட ஒரு பேச்சு, பையன் செத்த பிறகு அவன் மெசேஜையெல்லாம் குடுத்து செஞ்ச சாட்பாட்டோட தினமும் பேசிட்டு இருக்குற அம்மாகிட்ட வேற பேச்சு. அந்த ரெண்டாவது வாசல்ல தொண்டரால எதுவுமே சொல்ல முடியாம நோட்டீஸ குடுக்காமலே திரும்பி வர்றார். வைசன்பாம்னு ஒரு விஞ்ஞானி 1966ல எலைசான்னு முதல் அரட்டை புரோகிராம் ஒண்ணு எழுதினார். அது வெறும் புரோகிராம்தான்னு நல்லாத் தெரிஞ்ச அவரோட செகரட்டரியே, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, நான் அதோட தனியா பேசணும்னாங்களாம். அந்த அம்மாவ எழுதறப்ப எனக்கு அதுதான் மனசுல இருந்துச்சு. பத்து வாசலும் பதினஞ்சு நாள்ல முடிஞ்சுது, அறிக்கைய விட கட்சியப் பத்தி எனக்கு அதிகம் சொல்லிக் குடுத்தது அந்தப் பத்து வாசல்தான்.

அப்புறம் கட்சிக்குள்ள சண்டை. இதுல எவ்வளவு நேரம் போட்டாலும் தகும். எல்லாரும் ஒரே மாதிரி ஏஐ வேணாம்னு சொன்னா அது கட்சி இல்ல, பஜனை மண்டலி. வியாபாரம் பண்றவங்க அணி ஒண்ணு இருக்கும், அரசாங்கம் எதுலயும் தலையிடக் கூடாதுன்னுதான் அவங்க கட்சிக்கே வந்தாங்க, இப்ப ஏஐ-ய மட்டும் அரசாங்கம் தடுக்கணும்னு எப்படிக் கேப்பாங்க? மத நம்பிக்கை உள்ளவங்க அணிக்கு வேற கவலை, மனுஷன்னா என்னங்கிறதே அவங்க கேள்வி, 2025ல போப்பா வந்தவர் பதினாலாம் லியோன்னு பேர் வச்சுக்கிட்டதுக்கே, 1891ல தொழிலாளர் பிரச்சினையப் பத்தி சுற்றுமடல் எழுதின பதிமூணாம் லியோவையும் இப்ப வர்ற ஏஐ-யையும்தான் காரணமாச் சொன்னார். ராணுவத்துல இருந்து வந்தவங்க அணி, பக்கத்து நாடு வச்சிருக்குறப்ப நாம மட்டும் வேணாம்னா நாடு இருக்குமான்னு கேக்கும். சின்னச் சின்ன ஊர் அணி, எங்க ஊர்க்காரங்க ஒண்ணா உக்காந்து எது வேணும் எது வேணாம்னு முடிவு பண்றோம், எல்லாருக்கும் ஒரே சட்டம் எதுக்குன்னு கேக்கும். இதுக்கு நான் அமெரிக்காவுல இருக்குற ஆமிஷ்ங்கிற கிறிஸ்தவ ஜனங்களப் பத்திப் படிச்சது உதவுச்சு, அவங்க டெக்னாலஜியவே வெறுக்கிறவங்கன்னு நெனச்சிருந்தேன், பல எடத்துல போன வீட்டுக்குள்ள விடாம வெளிய ஒரு கூண்டுல வச்சு வேணுங்கிறப்ப மட்டும் போய்ப் பேசறாங்க, எது உறவக் கெடுக்கும்னு பாத்துப் பாத்து முடிவு பண்றாங்க. நான் இந்த நாலு அணியையும் ஒரே ரூம்ல பூட்டி ஒரு ராத்திரி பேச விட்டேன், அறுபது பக்கம் வந்துச்சு, அதுல ஒரு வரி கூட வெட்டல.

இன்னொண்ணு, கட்சிய ஜெயிக்க வச்சுட்டு கதைய முடிச்சுராதீங்க. முதல் டிராஃப்ட்ல தேர்தல் முடிவோட நிறுத்திட்டேன். ஆட்சிக்கு வந்தப்புறம்தான் கொள்கை உண்மையிலேயே சோதனைக்கு வருது. என் கட்சி கொண்டு வர்ற முதல் சட்டம், ஒரு மனுஷனப் பாதிக்கிற எந்த முடிவுலயும் இன்னொரு மனுஷன் படிச்சுப் பாத்துக் கையெழுத்து போடணும். பெரியப்பா ஆசைப்பட்ட அதே சட்டம். எழுதறப்ப எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அப்புறம் அத நாட்டுல ஓட விட்டுப் பாத்தேன், ஒரு நாளைக்கு எத்தனை முடிவு, எத்தனை பேர் தேவைப்படும்னு பேப்பர்ல கணக்குப் போட்டேன். சட்டம் வந்த ரெண்டாவது வருஷம், ஒரு பெரிய ஹால்ல வரிசையா மேசை, ஒரு மேசையில ஒரு சின்னப் பொண்ணு, வலது மணிக்கட்டுல கிரேப் பேண்டேஜ் சுத்தியிருக்கு, மிஷின் அனுப்புற தாள் ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழுது, ஒரு மணி நேரத்துக்கு நாநூறு கையெழுத்து. ஒண்ணுக்கு ஒம்பது செகண்ட். பேரக் கூட முழுசாப் படிக்க முடியாது. சட்டப்படி ஒவ்வொரு தாள்லயும் ஒரு மனுஷன் இருக்கான். லெட்டர் வாங்குற அம்மா இப்ப அந்தக் கையெழுத்தத் தடவிப் பாக்குறாங்க, மை கூடக் காயல.

இந்த அத்தியாயத்த பெரியப்பாகிட்ட குடுக்கவே பயமா இருந்துச்சு, அவர் கனவையே ஒடச்ச மாதிரி ஆயிருமோன்னு. ஒரே மூச்சுல படிச்சார். இந்தத் தடவ எங்கயும் வட்டமே இல்ல. ரொம்ப நேரம் கடைசிப் பக்கத்தையே பாத்துட்டு இருந்துட்டு, "அந்தப் பொண்ணு ஒரு தாள எடுத்து வச்சுக்கிட்டு, இத முழுசாப் படிக்காம கையெழுத்து போட மாட்டேன்னு சொன்னா அவ மேலதிகாரி என்ன பண்ணுவார்?"னு கேட்டார். எனக்குத் தெரியலன்னு சொன்னேன். "நான் அந்த எடத்துல இருந்திருக்கேன்"னு சொல்லிட்டு கண்ணாடியத் தொடச்சார். அடுத்த ஞாயித்துக்கிழமை நோட்டோட போய் அவர் பக்கத்துல உக்காந்தேன், பத்தொம்பதாம் அத்தியாயம் அவர் சொல்லச் சொல்ல எழுதிட்டு இருக்கேன்.